நான்குக்கு முன்னால் ஐந்து: பெரிய கியூப் தொகுப்பும் அதைக் கற்கும் முறைகளும்

மூன்றடுக்கு ரூபிக்ஸ் கியூபைத் தட்டுத்தடுமாறாமல் சேர்க்கத் தெரிந்த ஒருவர் அடுத்து எதை வாங்கலாம் என்று கேட்டால், கடைக்காரர் முதல் பள்ளி நண்பர் வரை அனைவரும் சொல்லும் விடை ஒன்றுதான்: மூன்றுக்கு அடுத்தது நான்கு. எண்வரிசைக்கு அது பொருந்துவதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நானும் மறுக்காமல்தான் தொடங்கினேன். 4×4, 5×5, 6×6, 7×7 ஆகிய நான்கு கியூபுகளும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பு ஒன்றை 2,850 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கி, பதினொரு மாதங்களாக என் அக்காள் மகளோடு சேர்ந்து கற்று வருகிறேன். இந்த மதிப்புரை அந்தத் தொகுப்பைப் பற்றியது. ஆயினும் பெட்டிக்குள் இருந்த பொருளைவிட, அதைக் கற்பதற்குக் கிடைக்கும் முறைகளைப் பற்றியே இங்கே அதிகம் எழுதப் போகிறேன். பெரிய கியூபை ஆசையோடு வாங்கியவர்களில் பலர் அதைப் பாதி கலைந்த நிலையில் அலமாரியில் வைத்துவிடுவதற்கு, அவர்கள் கற்ற முறையும் கற்ற வரிசையுமே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கும் ஸ்டிக்கர் ஒட்டாத, நிறமேறிய பிளாஸ்டிக்கால் ஆனவை, காந்தம் பொருத்தப்படாதவை. 5×5 பெட்டியிலிருந்து எடுத்த அன்றே வழுக்கிக்கொண்டு சுழன்றது. இந்தத் தொகுப்பில் மிகச் சிறந்தது அதுவே. 4×4 தொடக்கத்தில் இறுக்கமாக இருந்தது. கியூபுக்கென்றே விற்கும் சிலிகான் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு ஒரு வாரம் சுழற்றிய பிறகு இளகிவிட்டது. 7×7 கனமானது, சிறுவர்களின் கைக்குச் சற்றுப் பெரியது, ஆனாலும் ஒழுங்காகச் சுழல்கிறது. குறை 6×6-இல்தான் இருக்கிறது. அதன் உள்ளடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஓர் அடுக்கைத் திருப்பப் போனால் இரண்டு திரும்பிவிடுகின்றன. மூன்றாம் வாரத்தில் ஓரத் துண்டு ஒன்று தெறித்து விழுந்து, அதைத் திரும்பப் பொருத்த ஒரு மாலைப் பொழுது முழுவதும் போயிற்று. காந்தம் உள்ள கியூபுகளில் ஒவ்வோர் அடுக்கும் தன் நிலைக்கு வந்ததும் மெல்ல இழுபட்டு நேராக நின்றுவிடும். அடுக்குகள் கூடக் கூட இந்த உதவியின் அருமை தெரியும், ஏனெனில் ஏழு அடுக்குகளில் ஏதேனும் ஒன்று சிறிதளவு பிசகி நின்றாலும் குறுக்கே செல்லும் திருப்பம் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. 4×4, 5×5 கற்பதற்குக் காந்தம் கட்டாயம் இல்லை. 6×6-க்கும் 7×7-க்கும் பணம் கூடுதலாகச் செலவிட முடியுமானால் காந்தம் உள்ளதையே வாங்குங்கள்.

என் பெரிய மனக்குறை பெட்டியோடு வந்த துண்டுப் பிரசுரத்தின் மீதுதான். நான்கு கியூபுகளுக்கும் சேர்த்து ஒரே தாள். கண்ணை உறுத்தும் சிறிய எழுத்து. மூன்றடுக்குக்கான வழக்கமான அடுக்கடுக்கு முறையை முக்கால் பங்கு இடத்தில் அச்சிட்டுவிட்டு, மீதிக் கால் பங்கில் 4×4-க்கான நீளமான ஃபார்முலா ஒன்றை, அதாவது வரிசையாகச் செய்ய வேண்டிய திருப்பங்களின் பட்டியலை, கொடுத்திருக்கிறார்கள். அது எப்போது தேவைப்படும், ஏன் தேவைப்படுகிறது, எந்த அடுக்கைச் சேர்த்துத் திருப்ப வேண்டும் என்ற விளக்கம் எதுவும் இல்லை. 5×5, 6×6, 7×7 ஆகியவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான்கு கியூபுகளை விற்று அவற்றில் மூன்றைப் பற்றி வாய் திறக்காத தாளை வழிகாட்டி என்று எப்படி அழைப்பது?

4×4-ஐ முதன்முதலில் கலைத்துக் கொடுத்தபோது அக்காள் மகள் கேட்ட கேள்விதான் என் எண்ணத்தை மாற்றியது. "மாமா, இதுல நடுவுல இருக்கிறதும் நகருதே, அப்புறம் எது வெள்ளைப் பக்கம்னு எப்படித் தெரியும்?" என்றாள். பன்னிரண்டு வயதுச் சிறுமி முதல் இரண்டு நிமிடங்களில் கண்டுபிடித்த இந்தச் சிக்கலை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்றடுக்கு கியூபில் ஒவ்வொரு பக்கத்தின் நடுத் துண்டும் அச்சில் பொருத்தப்பட்டு, சுழலுமே தவிர இடம் மாறாது. வெள்ளைக்கு எதிரே மஞ்சள், பச்சைக்கு எதிரே நீலம், சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு என்ற அமைப்பு அங்கே தானாகவே நிலைத்திருக்கிறது. 4×4-இல் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு மையத் துண்டுகள் இருக்கின்றன. நான்குமே ஊர் சுற்றும். எனவே கற்பவர், வெள்ளையை மேலேயும் பச்சையை முன்னேயும் பிடித்தால் சிவப்பு வலப்பக்கம் வர வேண்டும் என்பதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு மையங்களைக் கட்ட வேண்டும். இரண்டு மையங்களை இடம் மாற்றிக் கட்டிவிட்டால், அந்தத் தவறு வெகுநேரம் கழித்து, எங்கும் பொருந்தாத மூலைத் துண்டு ஒன்று கையில் வரும்போதுதான் தெரியவரும்.

5×5-இல் இந்தத் தொல்லை இல்லை. ஒற்றைப்படை அடுக்குள்ள கியூப் என்பதால் ஒவ்வொரு பக்கத்தின் நட்ட நடுவிலும் நகராத துண்டு ஒன்று இருக்கிறது. துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் 4×4-இல் 56, 5×5-இல் 98. எனவே ஐந்து நான்கைவிடக் கடினம் என்று எவருக்கும் தோன்றும். கலைந்து நிற்கும் வகைகளின் எண்ணிக்கையோ 4×4-இல் 46 இலக்க எண், 5×5-இல் 75 இலக்க எண். ஆனால் கற்பவருக்கு இடர் தருவது துண்டுகளின் எண்ணிக்கையைவிட, வழிகாட்டும் துண்டு இல்லாமல் போவதே. இதை உணர்ந்தபின் 4×4-ஐப் பெட்டியில் வைத்துவிட்டு, இருவரும் 5×5-ஐ எடுத்தோம். இந்தத் தொகுப்பை வாங்கிய பிறகு நாங்கள் செய்த மிக நல்ல காரியம் அது.

இனி முறைகளுக்கு வருகிறேன். பெரிய கியூபுக்கான முறைகளில் அடிப்படையானது ரிடக்‌ஷன் எனப்படும் சுருக்கும் முறை. முதலில் ஆறு பக்கங்களின் மையப் பகுதிகளையும் ஒரே நிறமாகக் கட்ட வேண்டும். பிறகு ஒரே நிறச் சோடியைக் கொண்ட ஓரத் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதன்பின் எத்தனை அடுக்கு கியூபானாலும் அது மூன்றடுக்கு கியூபாகச் சுருங்கிவிடுகிறது. வெளியடுக்குகளை மட்டும் திருப்பி, ஏற்கெனவே தெரிந்த வழியிலேயே முடித்துவிடலாம். இந்த எண்ணத்தின் அழகே, மூன்றடுக்கில் நாம் உழைத்துக் கற்ற எதுவும் வீணாவதில்லை என்பதுதான்.

5×5-இல் மையம் கட்டுவதை ஒரு பக்கத்துக்கு மூன்று கம்பிகள் என்று எண்ணிக்கொண்டு கற்றோம். நகராத நடுத் துண்டின் இரு புறமும் ஒவ்வொரு துண்டைச் சேர்த்தால் நடுக்கம்பி. அதன் இரு பக்கங்களிலும் மூன்று மூன்று துண்டுகள் கொண்ட பக்கக்கம்பிகள். ஒவ்வொரு கம்பியையும் வேறொரு பக்கத்தில் வைத்துக் கட்டி, உள்ளடுக்கைத் திருப்பி உரிய பக்கத்துக்குக் கொண்டுவந்து செருக வேண்டும். மையத்தின் நான்கு மூலைகளில் உட்காரும் துண்டுகளும், நடுத் துண்டுக்கு மேல், கீழ், இடம், வலம் உட்காரும் துண்டுகளும் வெவ்வேறு இனத்தவை. ஒன்றின் இடத்துக்கு மற்றொன்று ஒருபோதும் வராது. இந்த ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிக் கொடுத்தால் கற்பவரின் ஒரு வார அலைச்சல் மிச்சமாகும். நான் பார்த்த பாடங்களில் பல இதைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றன. முதல் நான்கு மையங்கள் எளிதாக வரும். கடைசி இரண்டு மையங்களில்தான் பொறுமை வேண்டும், ஏனெனில் அங்கே ஒரு கம்பியைச் செருகும்போது ஏற்கெனவே கட்டிய பக்கங்கள் தற்காலிகமாகக் கலையும். உடனே பின்னோக்கித் திருப்பி அவற்றைக் காப்பாற்ற வேண்டும். "உள்ளே கொண்டுபோ, ஒதுக்கி வை, வெளியே கொண்டுவா" என்று அக்காள் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பெரிய கியூப் முழுவதற்கும் அந்த மூன்று அசைவுகளே அடிப்படை என்பது பின்னால்தான் எனக்கே விளங்கியது.

அடுத்தது ஓரம் சேர்த்தல். 5×5-இல் ஓர் ஓரத்தில் மூன்று துண்டுகள்: நடுவில் ஒன்று, இரு சிறகுகளாக இரண்டு. நடுத் துண்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அதற்கேற்பச் சிறகுகளும் நிற்க வேண்டும். மாறி நின்றால், உள்ளடுக்கைத் திருப்பி, வலமுன் ஓரத்தை ஏழு திருப்பங்களில் புரட்டிப்போட்டு, உள்ளடுக்கை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஏழு திருப்பங்கள் கைக்குப் பழகிவிட்டால் பன்னிரண்டு ஓரங்களில் பெரும்பாலானவற்றைச் சேர்த்துவிடலாம். முதல் எட்டு ஓரங்களைச் சேர்க்கும்போது மையங்கள் கலைந்து நின்றாலும் கவலைப்படாமல், எல்லாம் முடிந்தபின் ஒரே தடவையாக நேராக்கும் வழியும் உண்டு. ஃப்ரீஸ்லைஸ் என்பது அதன் பெயர். விரைவாகச் சேர்க்க விரும்புவோர் பிற்பாடு இதற்கு வந்தே தீர வேண்டும். ஆனால் தொடக்கத்திலேயே இதைக் கற்றால், மையம் கலைந்திருப்பது வழக்கமான நிலையா, நம் தவறா என்று தெரியாமல் குழம்ப நேரிடும். ஆகவே முதல் மாதம் ஒவ்வோர் ஓரத்துக்குப் பின்னும் மையங்களை நேராக்கிவிடும் மெதுவான வழியையே பரிந்துரைப்பேன்.

இப்போது பெரிய கியூப் கற்கும் எவரையும் அச்சுறுத்தும் பாரிட்டி எனப்படும் ஒற்றைப்படை-இரட்டைப்படைச் சிக்கலுக்கு வருகிறேன். துண்டுப் பிரசுரம் சொல்லாமல் விட்டதும், பல பாடங்கள் "இந்த நிலை வந்தால் இந்த ஃபார்முலாவைப் போடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் இதைத்தான். 4×4-ஐ மூன்றடுக்காகச் சுருக்கிவிட்டு இறுதி அடுக்குக்கு வந்தால், மூன்றடுக்கு கியூபில் ஒருபோதும் வர முடியாத நிலை ஒன்று எதிர்ப்படும்: ஒரே ஓர் ஓரம் மட்டும் புரண்டு நிற்கும். அதைக் கண்டவர்கள் கியூபே உடைந்துவிட்டது என்றோ, துண்டைக் கழற்றி மாற்றிப் பொருத்திவிட்டார்கள் என்றோ எண்ணுவதுண்டு. உண்மையான காரணம் எளிது. 4×4-இல் ஓர் ஓரம் என்பது நடுத் துண்டு இல்லாத இரு சிறகுகள். வெளியடுக்கு ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பினால் எட்டுச் சிறகுத் துண்டுகள் நான்கு நான்காக இரண்டு வட்டங்களில் நகர்கின்றன. உள்ளடுக்கு ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பினால் நான்கே சிறகுகள் ஒரு வட்டமாக நகர்கின்றன. நான்கு துண்டுகள் ஒரு வட்டமாக நகர்வதும் மூன்று இடமாற்றங்களும் சமம், அதாவது ஒற்றைப்படை. எனவே கலைத்தபோதும் சேர்த்தபோதும் உள்ளடுக்குக்குக் கொடுத்த கால் சுற்றுகளின் கூட்டு எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், கடைசியில் இரு சிறகுகள் மட்டும் இடம் மாறி நிற்கும். அதுவே புரண்ட ஓரமாகத் தெரிகிறது. இரண்டுக்கு ஒரு தடவை இது வருவது இயல்பு. நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

இதே ஒற்றைப்படைக் கணக்கு 5×5-லும் உண்டு. ஆனால் அங்கே ஓரத்தின் நடுத் துண்டு சாட்சியாக நிற்கிறது. சிறகுகள் மாறி நின்றால் ஓரம் சேர்க்கும் கட்டத்தின் கடைசியிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அங்கேயே சரிசெய்துவிட்டு நிம்மதியாக மூன்றடுக்குப் பகுதிக்குச் செல்லலாம். 4×4-இல் அந்தச் சாட்சி இல்லாததால், சேர்ந்த இரு சிறகுகளும் எப்படி நின்றாலும் பொருந்தியதுபோலவே தோன்றும். முதல் இரண்டு அடுக்குகளையும் முடித்து மேலடுக்குக்கு வந்த பிறகே குட்டு வெளிப்படும். அதோடு 4×4-இல் இன்னொரு பாரிட்டியும் உண்டு: எல்லாம் முடிந்து இரண்டு ஓரங்கள் மட்டும் இடம் மாறி நிற்கும். மூன்றடுக்கில் மூலைகளும் ஓரங்களும் ஒரே திருப்பத்தில் ஒன்றாக நகர்வதால் ஒன்று மட்டும் தனியே தவறி நிற்க முடியாது. 4×4-இல் ஓர் ஓரம் என்பது இரு சிறகுகள் என்பதால் அந்தக் கட்டு அறுந்துவிடுகிறது. 5×5-இல் நடுத் துண்டுகள் அந்தக் கட்டைக் காப்பாற்றுவதால் இந்த இரண்டாவது பாரிட்டி வருவதே இல்லை. ஐந்து நான்கைவிடக் கற்பதற்கு எளிது என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. 4×4-ஐச் சேர்ப்பவருக்கு இரண்டு பாரிட்டிகளில் எதுவுமே வராமல் தப்பும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான்.

ஃபார்முலாக்களின் நீளத்தைப் பற்றியும் அச்சம் வேண்டாம். புரண்ட ஓரத்துக்கு வழக்கமாகக் கற்பிக்கப்படும் ஃபார்முலா 15 திருப்பங்கள் கொண்டது; எங்களுக்கு மனத்தில் பதிய நான்கு நாட்கள் ஆயின. இடம் மாறிய இரண்டு ஓரங்களுக்கானது ஆறே திருப்பங்கள், ஆறும் அரைச் சுற்றுகள்: வலப்பக்க உள்ளடுக்கு, மேலடுக்கு, மீண்டும் அதே உள்ளடுக்கு, மேலிரண்டு அடுக்குகள் சேர்ந்து, மீண்டும் உள்ளடுக்கு, மீண்டும் மேலிரண்டு அடுக்குகள் சேர்ந்து. முடிந்தபின் மேலடுக்கை ஒரு தடவை ஒழுங்குபடுத்தினால் போதும். இங்கேதான் குறியீட்டுச் சிக்கல் ஒன்றை எச்சரிக்க வேண்டும். வலப்பக்கத்தைக் குறிக்கும் ஆர் (R) என்ற ஆங்கில எழுத்தைச் சிறிய எழுத்தில் எழுதினால், அது சில பாடங்களில் உள்ளடுக்கை மட்டும் குறிக்கிறது. வேறு சிலவற்றில் வெளியடுக்கையும் உள்ளடுக்கையும் சேர்த்துக் குறிக்கிறது. போட்டிகளை நடத்தும் உலக கியூப் சங்கத்தின் குறியீட்டில் சேர்த்துத் திருப்புவதற்குப் பெரிய ஆரோடு சிறிய டபிள்யூ சேர்த்து எழுதுவார்கள். மூன்று அடுக்குகள் என்றால் முன்னால் 3 என்ற எண் வரும். பிரசுரத்திலிருந்த ஃபார்முலாவை நான் முதல் பத்து நாட்கள் தவறாகத் திருப்பி, சேர்ந்திருந்த கியூபை ஒவ்வொரு தடவையும் கலைத்ததற்குக் காரணம் இதுதான். தாளில் ஒரு வரி விளக்கம் இருந்திருந்தால் அந்தப் பத்து நாட்கள் மிஞ்சியிருக்கும்.

5×5 இரண்டு மாதங்களில் வசமானது. முதல் தடவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டாம் மாத முடிவில் இருவரும் பத்து நிமிடங்களுக்குள் முடித்தோம். அதன்பிறகு 4×4-ஐ எடுத்தபோது, முன்பு எங்களைத் திணறடித்த அதே கியூப் மூன்றே நாட்களில் கைக்கு வந்தது. நடுத் துண்டு இல்லாமல் செய்வது எப்படி என்பது மட்டுமே அங்கே புதிய பாடம்.

4×4-இல் சுருக்கும் முறை பழகியபின் அடுத்து எதைக் கற்பது என்று கேட்டால், தயக்கமின்றி யாவ் முறை என்பேன். இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் யாவ் என்ற போட்டியாளர் பரப்பியதால் அந்தப் பெயர் பெற்றது. சுருக்கும் முறையின் வரிசையைச் சற்று மாற்றுவதுதான் இதன் நுட்பம். முதலில் எதிரெதிரான இரண்டு மையங்களை, வழக்கமாக வெள்ளையையும் மஞ்சளையும், கட்டிக்கொள்ள வேண்டும். உடனே அடுத்த மையங்களுக்குப் போகாமல், வெள்ளை ஓரங்களில் மூன்றை மட்டும் சேர்த்து வெள்ளை மையத்தைச் சுற்றி நிறுத்த வேண்டும். வெள்ளையை இடக்கைப் பக்கம் பிடித்துக்கொண்டு, காலியாக இருக்கும் நான்காவது ஓரத்தின் இடத்தைப் பயன்படுத்தி மீதி நான்கு மையங்களையும் கட்டலாம். பிறகு நான்காவது வெள்ளை ஓரம், அதன்பின் மீதி எட்டு ஓரங்கள். எல்லாம் முடிந்து மூன்றடுக்குப் பகுதிக்கு வரும்போது அடியடுக்கின் சிலுவை, அதாவது வெள்ளை மையத்தைச் சுற்றிய நான்கு வெள்ளை ஓரங்கள், ஏற்கெனவே தயாராக இருக்கும். நேரம் மிச்சமாவது ஒரு நன்மை. ஓரங்களைத் தேடும்போது வெள்ளை ஓரங்கள் நான்கும் கணக்கிலிருந்து நீங்கிவிடுவதால் கண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வு அதனினும் பெரிய நன்மை. நான் சுருக்கும் முறையில் நான்கரை நிமிடங்களிலேயே தேங்கி நின்றிருந்தேன். யாவ் முறைக்கு மாறிய ஆறு வாரங்களில் மூன்று நிமிடங்களுக்குக் கீழே வந்தேன். ஆனால் இதை முதல் முறையாகக் கற்பிப்பதை நான் ஏற்கவில்லை. மூன்று ஓரங்களை முதலிலேயே நிறுத்துவது எதற்காக என்பது, சிலுவை கட்டுவதற்காக நேரத்தை இழந்து பார்த்தவருக்குத்தான் புரியும்.

ஹோயா முறை இதன் உறவுக்காரன். நான்கு மையங்களைக் கட்டிவிட்டுச் சிலுவை ஓரங்களைச் சேர்த்து, கடைசி இரண்டு மையங்களை அதன்பின் முடிப்பது அதன் வரிசை. 5×5-இல் இதை விரும்புவோர் இருக்கிறார்கள், எனக்கு ஒத்துவரவில்லை.

கேஜ் எனப்படும் கூண்டு முறையைப் பற்றி அவ்வாறு கடந்துபோக மனம் வரவில்லை. இதில் எல்லாம் தலைகீழ். மூலைகளையும் ஓரங்களையும் முதலில் முடித்து, கியூபைச் சுற்றி ஒரு கூண்டுபோல் நிறுத்திவிட்டு, மையங்களைக் கடைசியில் நிரப்ப வேண்டும். மற்ற எதையும் அசைக்காமல் மூன்று மையத் துண்டுகளை மட்டும் இடம் மாற்றும் எட்டுத் திருப்ப உத்தி ஒன்று போதும்; அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி முழுவதையும் முடித்துவிடலாம். பாரிட்டி வந்தாலும் ஃபார்முலா தேவையில்லை. மையங்கள் இன்னும் கட்டப்படாததால், உள்ளடுக்கைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டுக் கலைந்த ஓரங்களை மறுபடியும் சேர்த்துக்கொண்டால் போதும். விரைவுக்கு இந்த முறை உதவாது. திருப்பங்களின் எண்ணிக்கை மிகவும் கூடிவிடும். ஆனால் ஃபார்முலாக்களை மனப்பாடம் செய்ய விரும்பாமல், ஒவ்வொரு திருப்பமும் எதைச் செய்கிறது என்று அறிந்து செய்ய விரும்புவோருக்கு இதைவிட மனநிறைவு தரும் முறை வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நேரம் பார்க்காமல் நான் இந்த முறையிலேயே 5×5-ஐச் சேர்க்கிறேன்.

கற்பதற்கு நாங்கள் பயன்படுத்திய இணையச் சேவைகளையும் மதிப்பிட வேண்டும். ஜே பெர்ம் என்ற பெயரில் பாடம் நடத்தும் யூடியூப் ஆசிரியரின் 4×4 பாடங்கள் தெளிவானவை. கேமராவுக்கு முன்னே கைகள் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்தே கற்றுவிடலாம் என்பதால், ஆங்கிலம் பாதி புரிந்த அக்காள் மகளும் இடறவில்லை. ட்விஸில் என்ற இலவச இணையக் கருவியில் ஃபார்முலாவைத் தட்டச்சு செய்தால், எத்தனை அடுக்கு கியூபானாலும் ஒவ்வொரு திருப்பத்தையும் முப்பரிமாண உருவில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுகிறது. குறியீட்டை நாம் சரியாகப் படிக்கிறோமா என்று சோதிக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. பெட்டியில் வந்த தாளில் நான் செய்த தவறு இதன் மூலமே பிடிபட்டது. சிஎஸ்டைமர் இலவசமாக நேரம் கணிப்பதோடு, ஒவ்வோர் அளவுக்கும் ஏற்ற கலைப்பு வரிசையையும் தருகிறது. போட்டி வழக்கப்படி 5×5-க்கு 60 திருப்பங்கள், 6×6-க்கு 80, 7×7-க்கு 100. அவற்றை வரிசை பிசகாமல் திருப்பிக் கலைப்பதே புதியவர்களுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். கற்கும் காலத்தில் மனம்போனபடி கலைத்துக்கொண்டால் போதுமானது. இவை அனைத்தையும் பார்த்தபின், மூன்றாம் மாதத்தில் நாங்கள் தமிழில் ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினோம். குறியீட்டு எழுத்துகளுக்குப் பதிலாக வலம், இடம், மேல், முன், வல உள் என்று எழுதியபின் மறதி வெகுவாகக் குறைந்தது.

நான்கும் ஐந்தும் முடிந்ததும் ஆறைத் தாண்டி ஏழுக்குச் சென்றோம். ஒற்றைப்படைக்குப் பின் இரட்டைப்படை என்ற அதே காரணத்துக்காக. 7×7 புதிதாக எதையும் கேட்பதில்லை. 5×5-இல் மூன்று கம்பிகள் என்றால் இங்கே ஐந்து கம்பிகள். ஓர் ஓரத்தில் மூன்று துண்டுகளுக்குப் பதில் ஐந்து. 218 துண்டுகளில் 150 மையத் துண்டுகள் என்பதால் பாதி நேரத்துக்கு மேல் மையத்திலேயே செலவாகிறது. உலகின் மிகச் சிறந்த போட்டியாளர்கள் இதை 1 நிமிடம் 40 விநாடிகளுக்குள் முடித்திருக்கிறார்கள். எனக்கு 19 நிமிடங்கள் ஆகின்றன, அந்த 19 நிமிடங்களும் எனக்கு மிகுந்த அமைதியைத் தருகின்றன. வெளியடுக்குகள் உள்ளடுக்குகளைவிடத் தடிமனாக இருப்பதைக் கண்டு, விலையைக் குறைக்க ஏதோ செய்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அது தவறான எண்ணம். எல்லா அடுக்குகளும் ஒரே தடிமனில், தட்டையான பக்கங்களோடு இருந்தால், ஏழடுக்கில் ஒரு பக்கத்தை 45 பாகை திருப்பும்போது மூலைத் துண்டு முழுவதும் உடலுக்கு வெளியே தொங்கிவிடும். அதைப் பிடித்து நிறுத்த அடியில் இடமே இருக்காது. ஆறடுக்கு வரை இந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் 2008-இல் தம் 7×7-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்த கிரேக்கர் பனயோட்டிஸ் வெர்டெஸ் அதன் பக்கங்களைச் சற்றே உப்பலாக அமைத்தார். இன்று பலரும் வெளியடுக்கைத் தடிமனாக்கி அதே சிக்கலைத் தீர்க்கிறார்கள். எர்னோ ரூபிக் 1974-இல் மூன்றடுக்கை உருவாக்கியதற்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகள் சென்றதற்கு, இந்த மூலைத் துண்டை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்ற கேள்வியும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

6×6-ஐக் கடைசியாக எடுத்தோம். 4×4-இல் வந்த இரண்டு பாரிட்டிகளும் இங்கே வந்தன. ஓர் ஓரத்தில் உட்சிறகு, வெளிச்சிறகு என்று இரு வகைகள் இருப்பதால், ஓரம் சேர்க்கும்போதே ஒரு வகை மட்டும் மாறி நிற்பதும் நேர்ந்தது. எந்த உள்ளடுக்கை ஃபார்முலாவில் திருப்ப வேண்டும் என்று நான் குறிப்பேட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, அக்காள் மகள், "எந்தச் சிறகு தப்பா நிக்குதோ அந்த அடுக்குதானே மாமா திருப்பணும்" என்று சொல்லி, 15 திருப்பங்களையும் வெளிச்சிறகின் அடுக்கில் திருப்பிச் சரிசெய்தாள். பிளாஸ்டிக் முட்டி மோதியபோதும், மூன்று தடவை அடுக்குகள் சேர்ந்து திரும்பி நாங்கள் பின்வாங்க நேர்ந்தபோதும், அந்தக் கியூப் அன்று முடிந்தது.

விற்பனைப் பக்கத்தில் இந்தத் தொகுப்புக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுத்திருக்கிறேன்: 5×5-க்கும் 7×7-க்கும் முழு மதிப்பு, 4×4-க்குச் சற்றுக் குறைவு, 6×6-க்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் பாதிகூட இல்லை. அங்கே நான் எழுதிய கோரிக்கைகள் இரண்டு. 6×6-ஐயும் 7×7-ஐயும் இப்போதைக்கு விரும்பாத குடும்பங்களுக்காக 5×5-ஐயும் 4×4-ஐயும் மட்டும் சேர்த்து ஒரு சிறிய பெட்டியாக விற்க வேண்டும். தாளின் முதல் பக்கத்தில் மூன்றடுக்குப் பாடத்தை எடுத்துவிட்டு, வெள்ளை மேலே, பச்சை முன்னே, சிவப்பு வலப்பக்கம் என்ற படம் ஒன்றையும், எந்த எழுத்து எத்தனை அடுக்குகளைக் குறிக்கிறது என்ற அட்டவணை ஒன்றையும் அச்சிட வேண்டும்.